பல் மாஸ்டரும் இடப்பக்கத்து வண்ணத் திட்டும்

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சிற்றுரு விமானச் சங்கத்தின் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டரின் மனைவியே, எனக்குத் தங்கையே, தங்கையின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் அமர்ந்திருக்கும் டெலிபோன் அம்மா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் நண்பர்களே, வாசல்வரை வந்துவிட்டு உள்ளே நுழையலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். தயக்கம் வேண்டாம், உள்ளே வாருங்கள். யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அந்த மனிதர் ஒருநாளும் ஒருவரையும் வாசலில் நிறுத்திப் பேசியதில்லை!

எனக்கு முன்னால் பேசியவர்கள் தாள் வைத்துக்கொண்டு பேசினார்கள். அழகாகப் பேசினார்கள். எனக்கு எழுத்து வராது. ஆகவே தாளும் கிடையாது. ஆனால் இந்த எண்பத்து நான்கு வயதில், கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டதையும் நான் மறந்ததாக ஊரில் ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம்! அந்தத் தெம்பில்தான் ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

இந்த மேசையைப் பாருங்கள். நம் பல் மாஸ்டரின் படம் இருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு போர் விமானம் நிற்கிறது. அவர் கடைசியாகக் கட்டியது. இதை முடிக்காமல் போய்விட்டார். இதை யார் முடிப்பது, முடிக்கலாமா கூடாதா என்று மூன்று வாரமாக நமக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சிலர் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்கிறார்கள். இதைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டவரே வேண்டாம் என்கிறார். நான் முடிக்க வேண்டும் என்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

யார் இந்தப் பல் மாஸ்டர்? பல் மருத்துவரா? இல்லை. மருத்துவர் அளவெடுத்துக் கொடுப்பார், அந்த அளவுக்குப் பல்செட் கட்டிக் கொடுப்பவர் இவர். நாற்பது ஆண்டுகள் இந்த ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு இவர் கையிலிருந்துதான் வந்தது. இந்த அவையிலேயே எத்தனை பேர் அவர் கட்டிய பல்லை வைத்துக்கொண்டு அவருக்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஒரு பேருந்து நடத்துநர் இருந்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு. அந்த இடுக்கு வழியாக விசில் அடிப்பார். தெருக்கோடியில் ஓடிவருகிறவன் கூட அந்த விசிலுக்கு நின்றுவிடுவான். பல்லெல்லாம் விழுந்து புதுச் செட் வாங்கினார். வெள்ளை வெளேரென்று, வரிசையாக. விசில் வரவில்லை. காற்று வந்தது. மாஸ்டரிடம் வந்து நின்றார்.

"மாஸ்டர், பல்லு நல்லாத்தான் இருக்கு. ஆனா வாயி என்னோடது இல்லை."

மாஸ்டர் என்ன செய்தார்? பல்லைக் கழற்றி வாங்கினார். அரத்தை எடுத்தார். பழைய இடுக்கு எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் சாய்வு என்று கேட்டுக் கேட்டு ராவினார். வெள்ளையைக் குறைத்து, டீக் கறை மாதிரி ஒரு பழுப்பு ஏற்றினார். "இப்ப அடிங்க" என்றார். நடத்துநர் அடித்தார். பட்டறைக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு பேருந்து நின்றுவிட்டது! நான் கதை கட்டவில்லை. அந்த ஓட்டுநர் இறங்கி வந்து சண்டை போட்டதை நான் பார்த்தேன்.

"புதுசா இருந்தா பொய்யா இருக்கும் அண்ணே" என்பார் மாஸ்டர். பல்லுக்கும் அதைத்தான் சொல்வார், விமானத்துக்கும் அதைத்தான் சொல்வார்.

அவரை நான் பார்த்த முதல் நாள் மழை. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால். நூலகத்துக் கூடத்தில் கண்காட்சி என்று பலகை வைத்திருந்தார்களாம், எனக்கென்ன தெரியும்? மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே மேசை மேசையாகச் சின்னச் சின்ன விமானங்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தோரு ஆண்டுகள் விமானப்படைத் தளத்துக் கொட்டகையில் பெயிண்ட் அடித்தவன் நான். பெரிய விமானத்தைக் கழுவுவது, சுரண்டுவது, பூசுவது, அதுதான் என் பிழைப்பு. அத்தனையும் குழந்தைக் கைக்கு அடங்கும் அளவில் வந்து உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

நடுமேசையில் ஒரு விமானம். முதல் பரிசு ரிப்பன் கட்டியிருந்தது. சுழல்விசிறி வைத்த பழைய ரகம். அழகு என்றால் அழகு. ஆனால் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் பூட்ஸ் தேய்ந்து பெயிண்ட் போயிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம்ப்பா, இதை ஓட்டுனவன் ரெண்டு பக்கமும் ஏறினானா? இடது பக்கம் ஏறி, வலது பக்கம் இறங்கி, கோயிலைச் சுத்தற மாதிரி சுத்தினானா?"

பக்கத்தில் நின்றிருந்தவர் திரும்பினார். நரைத்த மீசை, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி.

"வலது பக்கம் ஏற மாட்டாங்களா?"

"ஏற மாட்டான். வலது பக்கம் எண்ணெய் ஊத்தறவன் முட்டி போட்டு உட்காருவான். அங்க முட்டி தேய்ச்சிருக்கும். பூட்ஸு தேய்ச்சிருக்காது."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"நான் இல்லாம அது பறக்காது."

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ரிப்பனைக் காட்டியிருப்பார். போய்யா கிழவா என்றிருப்பார். அந்த விமானத்தைக் கட்டியவரே அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது! ரிப்பனை அவிழ்த்தார். மடித்து மேசையில் வைத்தார். விமானத்தை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, என் விலாசத்தைக் கேட்டார். மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஒரு நோட்டுப் புத்தகம், நாற்பத்தொரு கேள்விகள்.

நான் சொன்னேன்: "எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி."

"படிக்கறது என் வேலை அண்ணே. நீங்க பதில் சொல்லுங்க போதும்."

அன்று ஆரம்பித்த கேள்வி பதினாறு ஆண்டுகள் ஓயவில்லை. எண்ணெய் எங்கே ஒழுகும்? ஏன் அங்கே ஒழுகும்? பறக்கும்போது ஒழுகினால் கறை எந்தப் பக்கம் போகும், நிற்கும்போது ஒழுகினால் எந்தப் பக்கம் போகும்? துப்பாக்கி வாய்க்குப் பின்னால் கரி எவ்வளவு தூரம் இழுக்கும்? எந்த மூடியை அடிக்கடி திறப்பார்கள், எதைத் திறக்கவே மாட்டார்கள்? அழுக்கைக் கண்டால் நாம் துடைப்போம். அவர் அழுக்கைக் கண்டால் காரணம் கேட்பார். காரணம் இல்லாத அழுக்கை அவர் ஒரு விமானத்திலும் பூசியதில்லை. அந்த இடத்தில் இருந்தவன் சொன்னால்தான் பூசுவார். இருந்தவன் கிடைக்காவிட்டால், அந்த இடத்தைச் சுத்தமாக விட்டுவிடுவார். "தெரியாததைப் பூசினா அது அழுக்கு இல்லை அண்ணே, பொய்" என்பார்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தது யார்? இதோ முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி, என் தங்கைதான்! பெயிண்ட் உரிந்த மாதிரி காட்ட உப்பு தூவுவார்கள். உப்பின் மேல் நிறம் அடித்து, காய்ந்ததும் உப்பை உதிர்த்துவிட்டால் அங்கங்கே உரிந்த மாதிரி இருக்கும். அந்த உப்பு எங்கிருந்து வந்தது? சேறு தெளிக்கத் தூரிகை வேண்டும். தங்கையின் பல்துலக்கி போயிற்று. பல் கட்டுகிறவர் வீட்டில் பல்துலக்கிக்குப் பஞ்சம்! ஒருநாள் நான் போனபோது சமையலறையில் வாக்குவாதம்.

"கெட்டிலைக் குடுங்க, அடி கரியா இருக்கு, தேய்க்கணும்."

"தேய்க்காதே. அந்தக் கரி எப்படிப் படியுதுன்னு பார்த்துட்டிருக்கேன். புகைக்குழாய்க்கு வேணும்."

"நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, கரியையா?"

"உன்னைத்தான். ஆனா நீ அசையறே, அது அசையாம இருக்கு."

தங்கை சிரிக்கிறார். சிரிக்கட்டும். மாஸ்டரைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அழுதுகொண்டே இருக்க முடியுமா?

இனி இந்த விமானத்துக்கு வருகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. சைக்கிள் கடைக்கு மேலே நம் சங்கத்து அறை. பதினேழு படி ஏறி ஓர் அம்மா வந்தார். கருப்புக் கண்ணாடி, கையில் ஒரு புகைப்படம். தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் இணைப்புக் கொடுத்தவர். அதனால் நமக்கெல்லாம் டெலிபோன் அம்மா. அவருடைய கணவர் போர் விமானி. ஒரு நாள் காலையில் பறந்து போனவர் திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது.

மாஸ்டர் நாற்காலி போட்டார். அம்மா உட்கார்ந்தார்.

"பூங்காவுல ஒரு விமானத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க மாஸ்டர். கீழே கல்லுல இவர் பேரும் இருக்கு. எல்லாரும் அதைக் காட்டி இதுதான் உங்க வீட்டுக்காரர் விமானம்ங்கறாங்க. அது இல்லைங்க. அது குளிச்சுட்டு வந்து நிக்குது."

"அவரோடது எப்படி இருந்துச்சு அம்மா?"

"அழுக்கா இருந்துச்சு. ஆனா நல்லா இருந்துச்சு."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அப்படி ஒரு வாக்கியத்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"எப்ப வேணும் அம்மா?"

"பார்வை இருக்கறப்போ வேணும்."

கண் நரம்பு வற்றிக்கொண்டு வருகிறது. ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல்தான் தெரிகிறது அவருக்கு. மருந்து போடுகிறார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதை அம்மாவே ஊரறியச் சொல்வதால்தான் நானும் சொல்கிறேன்.

புகைப்படத்தை மாஸ்டர் என்னிடம் நீட்டினார். விமானத்தின் வலப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வாலில் எண் இருந்தது. எண் எனக்கு எதற்கு? எங்கள் கொட்டகையில் பதினெட்டு விமானங்கள். படித்தவர்கள் எண்ணைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள். நான் அழுக்கைப் பார்த்துச் சொல்வேன். இதற்கு வயிற்றில் இரட்டைக் கோடாக எண்ணெய் இறங்கும், அதற்கு மூக்கில் ஒரு சொட்டை. இந்தப் படத்தைப் பார்த்ததும் வயிற்றில் அந்த இரட்டைக் கோடு தெரிந்தது. "மாஸ்டர், இது நான் கீறின விமானம்" என்றேன்.

ஆம். நான்தான் கீறினேன். இடப்பக்கத்தில் ஏணி மாட்டி விமானி ஏறுவார். ஒருநாள் அவசரத்தில் ஏணியை இழுத்தேன். வழுக்கி, ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்டைச் சிராய்த்துக்கொண்டு இறங்கியது. அந்தச் சாம்பல் நிறம் டப்பாவில் தீர்ந்திருந்தது. காற்றில் தெளிக்கும் இயந்திரம் பழுது. இரண்டு டப்பாவின் அடியில் இருந்ததைச் சுரண்டிக் கலந்து, பட்டைத் தூரிகையால் அப்பினேன். நிறம் ஒரு படி கருத்துவிட்டது. விளிம்பு தடித்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அந்த விமானி வந்தார்.

"விடுங்க சார். பதினெட்டுல என்னோடது எதுன்னு இனிமே எனக்கு ஈஸியாத் தெரியும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன்னால் அந்தத் திட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுவார். மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல.

இதைக் கேட்டதும் மாஸ்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அண்ணே, அந்த விளிம்பு கையில தட்டுப்படுமா?" "கண்ணை மூடிட்டுத் தடவினாலும் தட்டுப்படும்" என்றேன்.

சங்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். சின்ன விமானத்தில் பெயிண்ட் மேடு தட்டுவது எவ்வளவு பெரிய குற்றம்! பெயிண்டைப் பாலைவிட நீர்க்கக் கரைத்து, புகைபோல் ஊதி, பூசிய சுவடே தெரியாமல் இருப்பதுதான் தேர்ச்சி. ஒரு மயிரிழை மேடு இருந்தால் நடுவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மதிப்பெண்ணை வெட்டுவார். நாற்பது ஆண்டுகளாக அந்த மேட்டை எதிர்த்துப் போராடியவர் நம் மாஸ்டர். அவர் என்ன செய்தார்? ஒன்பது நாள் நிறம் கலந்தார். பல்லின் நிறம் பார்க்க ஒரு மாதிரிச் சட்டம் வைத்திருப்பார், பதினாறு வெள்ளை இருக்கும் அதில். அதேபோல் பிளாஸ்டிக் துண்டுகளில் இருபத்திரண்டு சாம்பல் பூசிக்கொண்டு வந்து என் முன்னால் பரப்பினார். பதினேழாவதைத் தொட்டேன். அதை எடுத்து, மூன்றே மயிர் இருந்த தூரிகையால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு, பதினொரு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. வேண்டுமென்றே மேடு எழுப்பினார்!

எதற்காக? பார்வை போனாலும் விரல் போகாது, அதற்காக!

அந்தத் திட்டு முடிந்த மறுவாரம், ஒரு புதன்கிழமை காலை, பல்செட் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மாஸ்டருக்கு மார்பு வலித்தது. மருத்துவமனைக்குப் போகும் முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எழுபத்தொரு வயது.

அடுத்த சனிக்கிழமை நான் படியேறிப் போனேன். நம் செயலாளர் தம்பி தனியாக விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். இந்த விமானம் அவர் மடியில். கையில் உப்புத்தாள். தம்பி, இதைச் சொல்லலாம் அல்லவா? தலையாட்டுகிறார். சொல்கிறேன்.

"என்ன தம்பி பண்றே?"

"தாத்தா, இங்க பாருங்க. இடது பக்கம் மேடு தட்டுது. நிறமும் சேரலை. கடைசி நாள்ல கை நடுங்கியிருக்கு போல. அடுத்த மாசம் கண்காட்சி. ஊர்லேருந்தெல்லாம் வருவாங்க. மாஸ்டர் கையா இதுன்னு ஒருத்தன் கேட்டுட்டா என்னால தாங்க முடியாது."

"கையை எடு."

"நான் கெடுக்கலை தாத்தா. சரி பண்றேன்."

"சரியா இருக்கறதை எப்படிடா சரி பண்ணுவே?"

அவர் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும். உப்புத்தாள் அந்தத் திட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. நான் வந்த பேருந்தைத் தவறவிட்டு அடுத்த பேருந்தில் ஏறியிருந்தால், மாஸ்டரின் பதினொரு பூச்சும் தூளாகப் போயிருக்கும். கெட்ட எண்ணத்தாலா? இல்லை! பாசத்தால்! மாஸ்டரின் பெயருக்கு ஒரு பங்கம் வரக்கூடாது என்ற பாசத்தால்! நண்பர்களே, இறந்துபோனவர்களை நாம் இப்படித்தான் செய்கிறோம். மேடு பள்ளமெல்லாம் தேய்த்து, பூங்காவில் நிற்கும் விமானம் மாதிரி குளிப்பாட்டி நிறுத்திவிடுகிறோம். இன்று இந்த மேடையிலும் கொஞ்சம் அது நடந்தது. மாஸ்டருக்குக் கோபமே வராது என்றார் ஒருவர். வராதா? காரணம் இல்லாமல் கறை பூசியவனிடம் அவர் கத்திய கத்து கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவருக்குக் கேட்கும்!

அன்றே நான் டெலிபோன் அம்மா வீட்டுக்குப் போனேன். விமானத்தில் நிறம் முடிந்துவிட்டது, அழுக்கு மட்டும்தான் பாக்கி, நாங்கள் முடித்துத் தருகிறோம் என்றேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா?

"வேண்டாங்க அண்ணே. ரெண்டு பேரு பாதியில போயிட்டாங்க. மூணாவதா யாரையும் இதுல இறக்க வேண்டாம். எனக்கு ராசி இல்லை."

வீட்டில் வைத்து அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வயதானவன், நிதானமாகத்தான் யோசிப்பேன். இப்போது சொல்கிறேன், இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.

அம்மா! உங்கள் ராசிக்கு என்ன குறை? நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் பூசிய ஒரு சாம்பல் திட்டு உலகத்தில் எங்கும் இல்லை. எந்தப் படத்திலும் இல்லை, எந்த ஆவணத்திலும் இல்லை. நீங்கள் பதினேழு படி ஏறி வந்து கேட்டீர்கள், அது திரும்பவும் இருக்கிறது! இதோ இந்த மேசையில் இருக்கிறது! நீங்கள் கேட்காவிட்டால் அது என் மண்டைக்குள்ளேயே இருந்து என்னோடு போயிருக்கும். பாதியில் போனவர் மாஸ்டர். வேலை பாதியில் போகவில்லை. வயிற்று எண்ணெய்க்கு நான் இருக்கிறேன். புகைக்குழாய்க் கரிக்குத் தங்கை இருக்கிறார். மாஸ்டருக்குக் கரி கலந்து கலந்து கொடுத்த கை அது, இந்த அவையில் பலருக்குத் தெரியாது. பெயிண்டைப் புகைபோல் ஊதும் காற்றுத் தூரிகைக்குச் செயலாளர் தம்பி இருக்கிறார். இந்த ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆள் குறையவில்லை, அம்மா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் திட்டைப் பூசி முடித்த அன்று மாஸ்டர் என்னிடம் சொன்னார். "இது இன்னும் முடியலை அண்ணே. அம்மா ஒரு தடவையாவது அந்த விமானத்தைத் தொட்டிருப்பாங்க. தொடாதவங்க 'அழுக்கா இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சு'ன்னு சொல்ல மாட்டாங்க. அவங்க வந்து தொட்டுப் பார்த்துச் சொன்னாத்தான் மேல வேலை." நீங்கள் அப்போது கண் மருத்துவமனையில் இருந்தீர்கள். வந்ததும் கூப்பிடலாம் என்றிருந்தார். கூப்பிட முடியவில்லை. அவருக்குப் பதிலாக நான் கூப்பிடுகிறேன். இந்த அவை முழுவதும் கூப்பிடுகிறது. வந்து தொட்டுப் பாருங்கள் அம்மா. தொட்டுவிட்டு வேண்டாம் என்றால், இன்றே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். என் வாக்கு.

அம்மா எழுந்துவிட்டார். தங்கை கூட வருகிறார். வழி விடுங்கள், அந்த நாற்காலியை நகர்த்துங்கள். படி இருக்கிறது அம்மா, இரண்டே படி. தம்பி, விமானத்தைத் திருப்பிப் பிடி. இடப்பக்கம். பயப்படாமல் தொடுங்கள், காய்ந்துதான் இருக்கிறது.

அமைதியாக இருங்கள், நண்பர்களே.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"இந்த மேடுதான். இதேதான். தளத்துக்குக் குடும்பத்தோட வரச்சொன்ன ஒருநாள் இவர் கூட்டிட்டுப் போய், என் கையைப் புடிச்சு இதுமேல வெச்சாரு. ஆனா இங்க இல்லைங்க. இன்னும் ஒரு சாண் முன்னாடி. ஏணிக்கு நேர் கீழே. நான் ஒரு கையால ஏணியைப் புடிச்சிக்கிட்டுத்தான் தடவினேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! நானும் சிரிக்கிறேன். எதையும் மறக்காதவன் என்று இந்த ஒலிபெருக்கியில் சொன்ன வாய் இது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே கேள்விதான் கேட்டார் என்றேனே, இன்னொன்றும் மாஸ்டர் அன்றே கேட்டார். "ஏணி வழுக்கினா நேராத்தானே அண்ணே இறங்கும், கீறல் எப்படி ஒரு சாண் பின்னாடி போகும்?" என்று கேட்டார். நான்தான், "பூசினவன் நானா நீயா?" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் என்னோடு வாதாடவில்லை. அங்கே இருந்தவன் சொல்வதைப் பூசுவது அவர் வழக்கம், பூசினார். ஆனால் மனதுக்குள் காரணம் பொருந்தவில்லை. அதனால்தான் அம்மாவின் விரலுக்காகக் காத்திருந்தார். எவ்வளவு பெரிய மனிதர் பாருங்கள்! என் பேச்சுக்கும் மரியாதை கொடுத்தார், உண்மைக்கும் இடம் விட்டுவைத்தார்!

அம்மா, ஒன்று கேட்கிறேன். ஒரு சாண் முன்னால் வைத்தால் சரியாக இருக்குமா? தலையாட்டுகிறார். வேண்டுமா? "தப்பான இடத்துல விட்டுட்டுப் போவீங்களா?" என்று என்னையே கேட்கிறார்!

அப்படியானால் இந்த அவையின் முன் சங்கத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். இந்த விமானம் கண்ணாடிப் பெட்டிக்குள் போகாது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இந்தத் திட்டை வழித்து எடுக்கிறோம். நிஜ விமானத்தில் ஒரு சாண் என்றால், நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய இந்த விமானத்தில் ஓர் அரிசி நீளம். அந்த ஓர் அரிசி நீளம் முன்னால் தள்ளி, அதே பதினேழாவது சாம்பலில், பதினொரு பூச்சு. பூசுவது என் கை. முதலில் தப்பு செய்ததும் அதுதானே. அதற்குப் பிறகு எண்ணெய், அதற்குப் பிறகு கரி, அதற்குப் பிறகு சேறு. காரணம் இல்லாமல் ஒரு புள்ளி விழாது. எந்த நடுவர் எத்தனை மதிப்பெண் வெட்டினாலும் ஒரு மேடு குறையாது. இது முடிந்ததும் அடுத்ததை எடுப்போம். யாராவது ஒருவர் ஒரு புகைப்படத்தோடு படியேறி வந்தால், மாஸ்டரின் நாற்காலியையே போட்டு உட்கார வைத்து, மாஸ்டர் முதல் நாள் என் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த நோட்டில் நாற்பத்திரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம்.

ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு டெலிபோன் அம்மாவின் விரல் தொட்டு, இதுதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த பூச்சு.

அம்மா, சனிக்கிழமை வாருங்கள். கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை. கையை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

வணக்கம்.